பச்சைச் சட்டைக்காரன் துரோகி இல்ல

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணித் தலைவர் அண்ணனுக்கும், ரெண்டு அணியிலயும் பேசுற எல்லாருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் வேற வேலை எல்லாத்தையும் விட்டுட்டு இந்த சார்லட் மாநகரத்துல தமிழ் கேக்க வந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். வணக்கத்தோட நிறுத்திக்கிறேன், சொல்ல நிறைய இருக்கு.

அமெரிக்காவுக்கு 250 வயசு ஆகுற வருஷம். அதுக்காக நம்ம சங்கம் குடுத்த தலைப்பு, "சுதந்திரப் போரில் மன்னர் பக்கம் நின்ற பிரிட்டிஷ் லீஜன் குதிரைப்படையினர் விசுவாசிகளா, துரோகிகளா?" விசுவாசிகளேன்னு பேச வந்திருக்கேன். லீஜன்னா யாருன்னு ஒரு வரில சொல்லிடறேன். 1778ல நியூயார்க்ல சேத்த படை. குதிரை ஆளும் உண்டு, காலாளும் உண்டு. பேருக்கு கர்னல் கேத்கார்ட் பிரபு, நடத்தினது பேனஸ்டர் டார்ல்டன்னு ஒரு லிவர்பூல் வியாபாரி மகன், அப்ப அவனுக்கு இருபத்தி சொச்சம் வயசு. ஆனா படைல இருந்தவன் இங்கிலாந்துக்காரன் இல்லீங்க. நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியான்னு இந்த மண்ணுல வாழ்ந்துட்டு இருந்தவன். பிரிட்டிஷ் ராணுவம்னா சிவப்புச் சட்டைன்னு நமக்குத் தெரியும், இவங்களுக்குப் பச்சைச் சட்டை. பச்சைச் சட்டையப் பாத்தா கரோலைனால ஊரே கதவச் சாத்தும்.

முதல்ல ஒரு கதை சொல்றேன். இந்தக் கதை தெரிஞ்சாத்தான் இவங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு தெரியும்.

1779 டிசம்பர் 26. கிறிஸ்துமஸ்க்கு மறுநாள். நியூயார்க் துறைமுகமே உறைஞ்சு போன குளிர்காலம் அது. பிரிட்டிஷ் ஜெனரல் கிளின்டன் எட்டாயிரத்துக்கு மேல ஆளுங்களக் கப்பல்ல ஏத்திட்டு தெக்க கிளம்புறாரு, சார்ல்ஸ்டன புடிக்கணும்னு. நம்ம லீஜன்காரனும் ஏறுறான், குதிரையையும் ஏத்துறான். குதிரைய கப்பல்ல எப்படி ஏத்துவாங்க தெரியுங்களா, அடித்தளத்துல வரிசையா கட்டி வச்சிருப்பாங்க, காத்து வராது, வெளிச்சம் கிடையாது, கப்பல் ஆடுனா குதிரையும் ஆடும். இன்னொண்ணு, குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்க, அதோட உடம்பு அமைப்பு அப்படி. மனுஷனுக்கு கடல் ஒத்துக்கலன்னா வாந்தி எடுத்துட்டு ஓரமா படுத்துக்குவான், அந்த வாயில்லா ஜீவன் என்ன பண்ணும்? நின்னுட்டேதான் இருக்கணும்.

கேப் ஹாட்டெராஸ் பக்கம் வந்தவுடனே புயல் புடிச்சுது. ஒரு புயல் இல்ல, ஒண்ணு மாத்தி ஒண்ணு. கப்பலெல்லாம் திசைக்கொண்ணா சிதறிப் போச்சு. ஆனா-ன்னு ஒரு கப்பல், ஹெஸ்ஸியன்ங்கற ஜெர்மன் கூலிச் சிப்பாய்ங்க இருந்த கப்பல், காத்து தள்ளிட்டே போயி தள்ளிட்டே போயி கடைசில எங்க போயி சேந்துச்சுன்னா இங்கிலாந்துல கார்ன்வால் கரைல! தெக்க போகக் கிளம்பினவன் கடலையே தாண்டிட்டான். சரி அத விடுங்க, நம்ம ஆளு என்ன ஆனான்? குதிரைங்க அடித்தளத்துல ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கால் ஒடிஞ்சு கிடக்குது. ஒடிஞ்ச குதிரைய வச்சுக்க முடியாது, கடல்ல தள்ளணும். யாரு தள்றது? அந்தக் குதிரைக்குத் தீனி போட்டவன், உடம்பு தேச்சு விட்டவன், அவனேதான் தள்ளணும். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு ஜார்ஜியா கரைக்கு வந்து சேர. லீஜனோட குதிரை மொத்தமும் போச்சு.

இப்ப அந்தக் காட்சிய நினைச்சுப் பாருங்க. கப்பல் ஏறும்போது குதிரைப்படை, இறங்கும்போது காலாட்படை! பூட்ஸ் இருக்கு, ஸ்பர் இருக்கு, நீட்டு வாள் இருக்கு, தலைல தொப்பி இருக்கு, குதிரை மட்டும் இல்ல. இடுப்புல தொங்குற வாள் குதிரை மேல உக்காந்து வீசறதுக்கு செஞ்சது, கீழ நடந்தா அது ஒவ்வொரு எட்டுக்கும் கணுக்கால்ல இடிக்கும். பூட்ஸ் குதிரை ஏறறதுக்குத் தச்சது, அத மாட்டிட்டு கரோலைனா மணல்ல நடந்தா கால் கொப்புளிச்சிரும். நம்மாள ஒருத்தன அந்த எடத்துல நிறுத்தி வச்சா என்ன பண்ணுவான், "மேனேஜர் சார், குதிரை வந்தப்புறம் கூப்பிடுங்க, நான் ஒர்க் ஃப்ரம் ஹோம்" அப்படின்னு மெயில் போட்டுட்டுப் படுத்துக்குவான். இவன் படுக்கலைங்க. போர்ட் ராயல் தீவுக்குப் போனான். டார்ல்டன் பின்னால அவன் கைப்பட எழுதி வச்சிருக்கான், நண்பன்கிட்டயோ எதிரிகிட்டயோ, காசு குடுத்தோ அடிச்சுப் புடுங்கியோ, கிடைச்ச குதிரைய எல்லாம் சேத்தோம்னு. கிடைச்சது என்ன குதிரை? அந்தத் தீவுங்கள்ல சதுப்புல மேய்ஞ்சுட்டு இருக்கிற சின்னச் சின்ன மட்டக் குதிரைங்க. ஆறடி ஆளு ஏறி உக்காந்தா கால் தரையத் தொட்டுரும்போல இருந்திருக்கும். அத வச்சுக்கிட்டு எதிரியோட நல்ல ஜாதிக் குதிரைப்படைய எதுக்கணும். மார்ச் மாசம் ரான்டோல்ஸ் பாலத்துகிட்ட எதுத்தான், அடி வாங்கினான். வாங்கத்தானே செய்வான்?

ஆனா ஏப்ரல் 14, விடிகாலை மூணு மணி, மாங்க்ஸ் கார்னர். அமெரிக்க ஜெனரல் ஐசக் ஹியூகரும் வில்லியம் வாஷிங்டனும், இவரு நம்ம ஜார்ஜ் வாஷிங்டனுக்கு சொந்தக்காரரு, குதிரைங்கள கட்டிப் போட்டுட்டு தூங்கறாங்க. நம்மாளு அந்த மட்டக் குதிரை மேலயே ராத்திரியோட ராத்திரியா சத்தமில்லாம வந்து இறங்கினான் பாருங்க! எழுந்து கண்ணக் கசக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. ஹியூகரும் வாஷிங்டனும் சதுப்புக்குள்ள நடந்து தப்பிச்சாங்க. டார்ல்டன் கணக்குப்படி நானூறு குதிரை கைக்கு வந்துச்சு. நானூறு! எதிரிக்கு நடை, இவனுக்கு நல்ல குதிரை. அதே குதிரை மேலதான் அடுத்த மாசம் லெனுட்ஸ் ஃபெர்ரில எதிரியத் தொரத்தறான், அதே குதிரை மேலதான் ஆறு மாசம் இந்த ரெண்டு கரோலைனாவையும் சுத்தி வர்றான். கடல்ல குதிரையத் தள்ளிட்டு அழுதவன், ரெண்டரை மாசத்துல எதிரி லாயத்துக்கே வந்து நிக்கறான். நடுவர் ஐயா, நம்பிக்கை இல்லாதவன் பொழப்புக்கு வந்தவனா இருந்தா சவானா கரைலயே இறங்கி ஓடிருப்பான். ஓடறதுக்கு அதவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு வாழ்க்கைல கிடைச்சிருக்காது.

ஓடறதுன்னு சொன்னவுடனே எதிரணித் தலைவர் அண்ணன் சிரிக்கறாரு. சிரிப்பாரு. அவரு பேசும்போது ஒண்ணு சொன்னாரு, நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. "கௌபென்ஸ்ல இவங்க காட்டினது விசுவாசம் இல்ல, குதிரையோட பின்பக்கம்" அப்படின்னாரு. நல்ல வரிதான், நானே கை தட்டினேன். ஆனா அண்ணே, அந்த ஒரு வரிக்கு நான் பதில் சொல்லாம இந்த மேடைய விட்டு இறங்கறதா இல்ல.

கௌபென்ஸ் எங்க இருக்கு? நம்ம ஐ-85ல தெக்க போனா காஃப்னில அந்தப் பெரிய பீச் பழம் மாதிரி தண்ணித் தொட்டி வரும்ல, அட்லாண்டா போகும்போது புள்ளைங்க எல்லாம் கத்துமே, அதத் தாண்டி உள்ள போகணும். நான் போயிருக்கேன். மரம் அங்கங்க நிக்கிற திறந்தவெளி, லேசான மேடு, மாடு மேச்ச எடம், அவ்ளோதான். 1781 ஜனவரி 17. டார்ல்டன் பாட்டுக்கு அமெரிக்க ஜெனரல் மார்கனைத் தொரத்திக்கிட்டு நாள் கணக்கா ஆளுங்கள ஓட்டிட்டு வர்றான். அன்னிக்கு ராத்திரி மூணு மணிக்கே எழுப்பி விட்டுட்டான். குளிரு, இருட்டு, ஓடைய ஓடையாக் கடந்து வர்றாங்க. விடியற நேரத்துக்கு வந்து சேந்தா, எதிர்ல மார்கன் ராத்திரி முழுக்க ஆளுங்கள தூங்க வச்சு, சாப்பிட வச்சு, வரிசை வரிசையா நிறுத்தி வச்சிருக்காரு. முன்னால குறி பாத்து சுடறவங்க, அடுத்து பிக்கன்ஸோட மிலிஷியா, அதாவது ஊர்க்காரங்க சேந்த படை, ரெண்டு தடவ சுட்டுட்டு பின்னால போங்கன்னு அவங்களுக்கு உத்தரவு, அதுக்குப் பின்னால மேட்டுல ஹோவர்டோட கான்டினென்டல்ங்கற நிரந்தரப் படைச் சிப்பாய்ங்க, மேட்டுக்கு அந்தாண்ட கண்ணுக்குத் தெரியாம வாஷிங்டன் குதிரைப்படை. மார்கன் மூளைக்கு நான் தல வணங்கறேன். ஆனா டார்ல்டன் என்ன பண்ணான்? வந்த மூச்சு வாங்கறதுக்குள்ள "போ"ன்னான். அவனுக்கு எல்லாமே "போ"தான்.

அண்ணன் சொல்லாம விட்ட விஷயத்த இப்ப சொல்றேன். லீஜன்னா குதிரை மட்டும் இல்லன்னு முதல்லயே சொன்னேன்ல, லீஜன் காலாட்படை அந்த வரிசையோட நடுவுல நின்னுச்சு. மேட்டுல இருந்து வந்த குண்டு மொத்தத்தையும் வாங்கினது அவங்க. அவங்க ஓடினாங்களா? அங்கயே விழுந்தாங்க, விழாதவன் கைதியானான், அன்னியோட அந்தக் காலாட்படையே இல்லாமப் போச்சு. லீஜன் குதிரைலயும் ஓகில்வி கேப்டனோட ஒரு அம்பது பேரு மிலிஷியா மேல பாஞ்சு அடி வாங்கித் திரும்பினாங்க. பின்னால ரிசர்வ்ல நின்ன எரநூறு சொச்சம் பேரு, கண்ணு முன்னால வரிசை மொத்தமா சரிஞ்சப்ப, டார்ல்டன் "வா"ன்னு கூப்பிட்டான், வரல. திரும்பிட்டாங்க. ஒத்துக்கறேன். மூடி மறைக்கல. 1100 பேரு போன எடத்துல 110 பேரு செத்து எழுநூறு பேருக்கு மேல புடிபட்டாங்க, அந்த நேரத்துல அவங்க குதிரையத் திருப்பினாங்க.

அதுக்காக துரோகின்னுட்டா, அண்ணே, ஒரு கேள்வி. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, 1780 ஆகஸ்ட் 16, கேம்டன். அமெரிக்கப் படைக்குத் தளபதி யாரு? ஹொரேஷியோ கேட்ஸ். சரடோகால ஜெயிச்ச மாவீரன். சண்டை ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அவரோட மிலிஷியா துப்பாக்கியக் கீழ போட்டுட்டு ஓடுது, கேட்ஸும் அந்தக் கும்பலோட போறாரு. போனவரு எங்கயாவது நின்னாரா? நிக்கல. நல்ல குதிரை, அது பாட்டுக்கு ஓடுது. அவரோட டெ கால்ப்-னு ஒரு ஜெனரல் அங்க உடம்பெல்லாம் காயத்தோட நின்னு சண்டை போட்டு விழறாரு, கேட்ஸ் ஓடிட்டே இருக்காரு. சாயங்காலம் ஆச்சு, ஓடறாரு. ராத்திரி ஆச்சு, ஓடறாரு. அறுபது மைல்! ஒரே நாள்ல அறுபது மைல் ஓடி, கடைசில மூச்சு வாங்கி இறங்கின ஊரு எது தெரியுமா?

நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே சார்லட்!

அதோட விட்டாரா? மறுபடி ஏறினாரு. ஹில்ஸ்பரோ வரைக்கும் போனாரு, மூணே நாள்ல நூத்தி எம்பது மைல். இன்னிக்கு நாம ஐ-85ல வடக்க அந்தப் பக்கம் போனா நடுவுல காபிக்கு ஒரு தடவ நிறுத்துவோம், அவரு காபிக்குக் கூட நிறுத்தல. அலெக்ஸாண்டர் ஹாமில்டனே கேட்டு எழுதினாரு, அந்த வயசுல இப்படி ஓட முடியுதேன்னு. எதிரணி அண்ணே, கேட்ஸை துரோகின்னு யாராவது சொல்றாங்களா? விசாரணை கூட நடக்கல. ஓடினவரு அமெரிக்க ஜெனரல்னா "பின்வாங்கினார்", ஓடினவன் பச்சைச் சட்டைன்னா "குதிரையின் பின்பக்கம்". இது என்ன நியாயம்?

சரி, ஓடின லீஜன்காரன் அப்புறம் என்ன ஆனான்? அத அண்ணன் சொல்லவே இல்ல. கௌபென்ஸ்க்கு சரியா பதினஞ்சு நாள் கழிச்சு, பிப்ரவரி 1. கவான்ஸ் ஃபோர்டுல பிரிட்டிஷ் ஜெனரல் கார்ன்வாலிஸ் கட்டாபா ஆத்தக் கடக்கறாரு. இன்னிக்கு அந்த எடம் லேக் நார்மன்ல நாம போட் ஓட்டற தண்ணிக்குப் பக்கத்துல இருக்கு. அங்கதான் அமெரிக்க ஜெனரல் டேவிட்சன் செத்தாரு, நம்ம டேவிட்சன் ஊரு, டேவிட்சன் காலேஜ் எல்லாம் அவரு பேருதான். அன்னிக்கே கொஞ்சம் வடக்க டாரன்ஸ் டேவர்ன்னு ஒரு சாராயக்கடைகிட்ட மிலிஷியா கூடி நிக்குது. மழை பேஞ்சு ரோடெல்லாம் சேறு. டார்ல்டன் அதே லீஜன் குதிரைக்காரங்கள நிறுத்தி ஒண்ணே ஒண்ணு சொன்னான். கௌபென்ஸை நினைச்சுக்கங்கன்னான். அவ்ளோதான். போனாங்க. எதிர்ல வர்ற குண்டுக்குள்ள நேரா போயி அந்தக் கூட்டத்த உடைச்சாங்க. தோத்த மறுநாளே "நமக்கு எதுக்குங்க இது"ன்னு கழண்டுக்கறவன் துரோகி, தோத்த எடத்த மனசுல வச்சுக்கிட்டு மறுபடி குதிரை ஏறினவன் எப்படி துரோகி ஆவான்?

அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு, இதே ஊர்லயும் தயங்கினாங்கன்னு. ஆமா, 1780 செப்டம்பர் 26. நம்ம அப்டவுன்ல ட்ரேட் ஸ்ட்ரீட்டும் ட்ரையான் ஸ்ட்ரீட்டும் சந்திக்கற எடத்துல அப்ப கோர்ட் கட்டடம் நின்னுச்சு. அதுக்குப் பின்னால அமெரிக்க அதிகாரி டேவி நூத்தம்பது ஆளோட மறைஞ்சு நின்னாரு. டார்ல்டன் காய்ச்சல்ல படுத்துட்டான், ஹேங்கர்ங்கற மேஜர்தான் லீஜனக் கூட்டிட்டு வந்தான். வந்தாங்க, சூடு வாங்கினாங்க, நின்னாங்க, கார்ன்வாலிஸே நேர்ல வந்து சத்தம் போட வேண்டியதாச்சு. சத்தம் போட்டவுடனே போனாங்களா இல்லையா? போனாங்க. ஹேங்கரும் காயப்பட்டான். அதுக்கு மேல அத நீட்ட விரும்பல. ஆனா அந்த ரெண்டு தெருவையும் பேசும்போது ஒரு விஷயம் ஞாபகம் வருது. ட்ரையான் யாரு? மன்னர் அனுப்பின கவர்னர். சார்லட் யாரு? மூணாம் ஜார்ஜ் மன்னரோட பொண்டாட்டி, ராணி சார்லட். இந்த ஊருக்கு அந்தப் பேர 1768ல வச்சது யாரு? இங்கயே குடியிருந்த ஆளுங்க. அப்ப அவங்க எல்லாரும் யாரு? மன்னரோட பிரஜைங்க. இதான் என் வாதமே. 1768ல ராணி பேர ஊருக்கு வச்சவன் நல்லவன், பன்னெண்டு வருஷம் கழிச்சு அதே ராணியோட புருஷனுக்காகக் குதிரை ஏறினவன் மட்டும் துரோகியா? துரோகம்னா குடுத்த வாக்க மாத்தறது. மாத்தினது யாருன்னு நான் சொல்லல, மாத்தாதவன் யாருன்னு மட்டும் சொல்றேன்.

வாக்ஸாவப் பத்தி பேசாம போக முடியாது. எதிரணில பேசின அக்கா கண்ணு கலங்கச் சொன்னாங்க. நம்மள்ல நிறைய பேரு அந்தப் பக்கம் வீடு வாங்கி இருக்கோம், இன்னும் தெக்க லங்காஸ்டர் பக்கம் போனா அமெரிக்க கர்னல் பியூஃபோர்டோட ஆளுங்கள மொத்தமா புதைச்ச எடம் இருக்கு. 1780 மே 29. நூத்தி அஞ்சு மைல அம்பத்தி நாலு மணி நேரத்துல குதிரைய ஓட்டிட்டு வந்து லீஜன் அவங்களப் புடிச்சுது. பியூஃபோர்டு சரணடைய மாட்டேன்னாரு, குதிரை பத்து கஜத்துக்கு வர்ற வரைக்கும் சுடாதீங்கன்னாரு, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. 113 பேரு செத்தாங்க, 150 பேரு தூக்கிட்டுப் போக முடியாத அளவுக்குக் காயம். சரண்னு கை தூக்கினவனையும் வெட்டினாங்கன்னு அமெரிக்கத் தரப்பு, டார்ல்டன் குதிரை சுடப்பட்டு விழுந்ததும் தலைவன் செத்துட்டான்னு நினைச்சு வெறி புடிச்சாங்கன்னு டார்ல்டன் தரப்பு. அக்கா, அந்த வெட்ட நான் நியாயப்படுத்த மாட்டேன். எந்த மேடைலயும் மாட்டேன். காயப்பட்டவங்கள வாக்ஸா சர்ச்சுல வச்சுப் பாத்துக்கிட்ட அம்மாக்கள்ல ஒருத்தங்க எலிசபெத் ஜாக்சன், அவங்க பையன் ஆண்ட்ரூவுக்கு அப்ப 13 வயசு, பின்னால இந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனவரு. அந்தப் பையனுக்கு பச்சைச் சட்டை மேல இருந்த கோவம் எனக்குப் புரியுது. ஆனா தலைப்பு அவங்க கொடூரமானவங்களான்னு இல்லையே. அக்டோபர்ல கிங்ஸ் மவுன்டன்ல லாயலிஸ்ட், அதாவது மன்னர் பக்கத்து ஆளுங்க சரண்னு கத்தினப்ப, டார்ல்டன் குடுத்த கருணைதான் உனக்கும்னு சொல்லி வெட்டினாங்களே, அந்த மலைல பிரிட்டிஷ் அதிகாரி ஃபெர்கூசன் ஒருத்தரத் தவிர ரெண்டு பக்கமும் இருந்தது அமெரிக்கன்தான். பங்காளிச் சண்டை அது. பங்காளிச் சண்டைல ரெண்டு வீட்டு வாசல்லயும் ரத்தம் இருக்கும்.

மன்னர் பக்கம் நின்னதுக்கு என்ன வெலை குடுத்தாங்கன்னு யாராவது கேட்டீங்களா? 1775 ஆகஸ்ட், ஜார்ஜியால அகஸ்டா. தாமஸ் பிரவுன்னு ஒரு ஆளு, இங்கிலாந்துல இருந்து வந்து ஒரு வருஷம் கூட ஆகல, நிலம் வாங்கி விவசாயம் பண்ணலாம்னு வந்தவன். கூட்டமா வந்து, புரட்சிக்காரங்களோட கூட்டணில கையெழுத்துப் போடுன்னாங்க. நான் ஏற்கெனவே ஒருத்தருக்குக் குடுத்த வாக்கு இருக்குன்னான். துப்பாக்கிக் கட்டையால மண்டைல அடிச்சு, மரத்துல கட்டி, காலுக்கடில கட்டையப் போட்டுக் கொளுத்தி, தார் ஊத்தி, தலைமுடியப் புடுங்கினாங்க. கால் விரல் போச்சு அவனுக்கு. அவன் பின்னால தனியா ஒரு படை கட்டினான், லீஜன்ல இல்ல. ஆனா லீஜன்ல குதிரை ஏறின ஒவ்வொருத்தனும் இந்த மாதிரி கதையக் கேட்டுட்டுதான் ஏறினான். ஏறினா வீடு போகும்னு தெரியும், நிலத்தப் பறிச்சுக்க மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் போட்டாங்க, அதுவும் தெரியும். தெரிஞ்சே ஏறினான்.

கர்ணன நாம ஏன் கொண்டாடறோம்? ஜெயிச்ச பக்கம் நின்னான்னா? தோக்கப் போற பக்கம்னு தெரிஞ்சும் செஞ்சோற்றுக் கடன்னு நின்னானே, அதுக்குத்தானே. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தெரியும்ல, நூறு டாலர் நோட்டுல இருக்காரே அவருதான். அவரு மகன் வில்லியம், நியூ ஜெர்சிக்கு மன்னரோட கவர்னர். அப்பா புரட்சிப் பக்கம் போனாரு, மகன் போகல. மகன ஜெயில்ல போட்டாங்க. அவன் உள்ள இருக்கும்போது அவன் பொண்டாட்டி எலிசபெத்துக்கு உடம்பு முடியாம நியூயார்க்ல கிடக்கறாங்க, போயி பாத்துட்டு வரேன்னு கெஞ்சினான், புரட்சிக்காரங்களோட காங்கிரஸ் சபை விடல. அவங்க செத்துப் போனாங்க, மூஞ்சியக் கூடப் பாக்கல. போர் முடிஞ்சு வருஷம் ஆனப்புறம் அப்பாவுக்குக் கடிதம் போட்டான், 1785ல சவுதாம்ப்டன்ல ஒரு தடவ பாத்துக்கிட்டாங்க, அதான் கடைசி. அப்பா உயில்ல மகனுக்குப் பேருக்கு ஏதோ எழுதிட்டு, எனக்கு எதிரா நீ நின்னதுதான் காரணம்னு எழுதி வச்சிட்டுப் போனாரு. மன்னர் பக்கம் நின்னதுக்கு ஒரு மனுஷன் பொண்டாட்டியையும் இழந்து, அப்பனையும் இழந்து, ஊரையும் இழந்துட்டு நிக்கறான், அவனப் பாத்து எப்படிங்க துரோகின்னு கூப்பிட நாக்கு வரும்?

யார்க்டவுன். 1781 அக்டோபர் 19. லீஜன் ஆத்துக்கு அந்தக் கரைல குளோஸ்டர்ல நிக்குது, சரண். சரண் பத்திரத்துல பத்தாவது சரத்துன்னு ஒண்ணு கார்ன்வாலிஸ் கேட்டாரு. இந்த ஊரு ஆளுங்க பிரிட்டிஷ் படைல சேந்ததுக்காகத் தண்டிக்கக் கூடாதுன்னு. வாஷிங்டன் அத மட்டும் ஒத்துக்கல. அது சிவில் விஷயம், ராணுவம் முடிவு பண்ண முடியாதுன்னுட்டாரு. ஒத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, பொனெட்டான்னு ஒரு சின்னக் கப்பல், உள்ள யாரு இருக்காங்கன்னு சோதனை போடாம நியூயார்க் போகலாம். அதுல எடம் கிடைச்சவன் தப்பிச்சான். எத்தன பேருக்கு எடம் கிடைக்கும் ஒரு சின்னக் கப்பல்ல?

தலைவருங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க. டார்ல்டன் கைல ரெண்டு விரல் போனதோட லண்டன் போனான், 1782ல ரெனால்ட்ஸ் அவன பச்சைச் சட்டையோட ஆளுயரப் படமா வரைஞ்சாரு, இன்னிக்கும் அங்க நேஷனல் கேலரில தொங்குது. லிவர்பூல் எம்.பி. ஆனான், அடிமை வியாபாரத்த ஒழிக்கக் கூடாதுன்னு பார்லிமென்ட்ல பேசினான், ஜெனரல் ஆனான், சர் பட்டம் வாங்கினான். அவனுக்கு நான் வக்கீல் இல்ல. கார்ன்வாலிஸ் என்ன ஆனாரு? நம்ம இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலா வந்தாரு. 1792ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட ரெண்டு பையனுங்களப் பிணையா வாங்கினாரே அதே ஆளு. சென்னை கோட்டை மியூசியத்துக்குப் போனா பெரிய பளிங்குச் சிலையா நிக்கறாரு, பாத்திருப்பீங்க. தோத்த ஜெனரலுக்கு அடுத்த பதவி, அடுத்த நாடு, அடுத்த சிலை. அவரு பேச்சக் கேட்டு குதிரை ஏறின நியூ ஜெர்சிப் பையனுக்கு?

அவனுக்கு நோவா ஸ்கோஷியா. 1783ல படையக் கலைச்சாங்க, கனடா கரைல போர்ட் மூட்டான்னு ஒரு எடத்துல இறக்கி விட்டாங்க. இந்த நாட்ட விட்டுப் போன அறுபதாயிரம் பேருல இவங்க ஒரு சின்னக் கூட்டம். போயி இறங்கின நேரம் குளிர் ஆரம்பிக்கற நேரம். நிலம்னு குடுத்தது பாதிக்கு மேல பாறை. சண்டைக்குதிரைய ஓட்டினவன் கோடாரிய எடுத்தான், மரம் வெட்டினான், வீடு கட்டினான், பொண்டாட்டி புள்ளைங்களோட அந்தக் குளிரத் தாண்டினான். ஊருக்கு கைஸ்பரோன்னு பேரு கூட வச்சாங்க. குளிர் முடிஞ்சு 1784 வசந்த காலத்துல தீ புடிச்சுதுங்க. ஊரு மொத்தமும் எரிஞ்சு போச்சு. ஒரு குளிர்காலம் தாங்கின வீடு, அவ்ளோதான். நியூயார்க்ல ஒரு வீடு போச்சு, இங்க ரெண்டாவது வீடும் போச்சு.

அப்பவாவது திரும்பி அமெரிக்காவுக்குப் போயி, தப்பு பண்ணிட்டோம், சேத்துக்கங்கன்னு கேட்டிருக்கலாமே. அப்படித் திரும்பினவங்களும் அந்தக் காலத்துல உண்டு. இவங்கள்ல பெரும்பாலானவங்க மறுபடி மூட்டையக் கட்டினாங்க. சில குடும்பம் நியூ பிரன்ஸ்விக்ல செயின்ட் ஸ்டீபனுக்குப் போச்சு, பல குடும்பம் கப்பலேறி கிழக்க செடபக்டோ வளைகுடாவுக்குப் போச்சு. போன எடத்துலயும் அதே கைஸ்பரோன்னு பேரு வச்சு மறுபடி முதல் மரத்துல இருந்து வெட்ட ஆரம்பிச்சாங்க. அந்த ஊரு இன்னிக்கும் மேப்ல இருக்கு நடுவர் ஐயா, போன எடுத்துத் தட்டிப் பாருங்க, வரும். மூணாவது தடவையா அந்த ஊர்ல வீடு கட்டினவனத்தான் எதிரணி துரோகின்னு எழுதச் சொல்லுது. மணி அடிச்சிட்டாங்க. தீர்ப்பு எழுதறது நீங்க. நன்றி, வணக்கம்.